சைலன்ட் வேலியா, தேக்கடியா: பிள்ளைகளோடு எந்தக் காட்டுக்குப் போகலாம்?

மழைக்காடு பார்க்க வேண்டும் என்பது ஒரு ஆசை, யானை பார்க்க வேண்டும் என்பது வேறு ஆசை. முதலாவதுக்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சைலன்ட் வேலி, இரண்டாவதுக்கு இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி. எங்கே போகிறோம், என்ன தெரியும் என்று வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் பாதி அழுகை மிச்சம்.

தேக்கடிக்குக் கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. கடை, கழிப்பறை எல்லாம் பக்கத்திலேயே. ஏரியில் படகு சவாரி சுமார் ஒன்றரை மணி நேரம். ஐந்து வயதுப் பிள்ளை தாங்கும் அளவு அவ்வளவுதான். கோடையில் நீர் இறங்கிக் கரைப் புல்வெளி விரியும்போது யானையும் கடமானும் காட்டுமாடும் தென்படலாம். மழை பிடித்துவிட்டால் காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். கரைக்கு வர அவற்றுக்கு என்ன வேலை?

சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது. ஆனவாச்சால் வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். சீட்டு கையில் இருந்தும் படகைக் கோட்டைவிடுவது இந்த வரிசையில்தான். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். 2009 படகு விபத்தில் 45 பேர் இறந்த ஏரி இது. மிதவை அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் காதைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். யானை என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது.

தேக்கடி ஏரி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால் வந்தது. சைலன்ட் வேலி மிஞ்சியதோ, குந்திப்புழை ஆற்றில் வரவிருந்த அணை கைவிடப்பட்டதால். 1984இல் தேசியப் பூங்கா ஆனது. கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாகப் பூங்காவின் நுழைவிடமான முக்காலி என்ற ஊருக்கு வந்தால் மண்ணார்க்காட்டுப் பக்கத்து மலைப்பாதை வளைவுகளையும் அதனால் வரும் வாந்தியையும் தவிர்க்கலாம். முக்காலியிலிருந்து காட்டுக்குள் இருக்கும் சைரந்திரிக்கு 23 கி.மீ., அனுமதி பெற்ற வண்டியில் மட்டும். போய்வர நான்கைந்து மணி நேரக் குலுக்கல். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பிள்ளைக்கும் தண்டனை, பக்கத்து சீட்டுக்காரருக்கும் தண்டனை. கழிப்பறை வேலையை முக்காலியிலேயே முடித்துவிடுங்கள்.

இங்கே இலைக்கூரை அடர்த்தி. பத்தடியில் விலங்கு நின்றாலும் தெரியாது, தேடல் மேலேதான். வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் முள் காய்கள் கடித்துப் போட்டபடி கீழே கிடந்தால் அண்ணாந்து பாருங்கள், சிங்கவால் குரங்கு இருக்கலாம். சைரந்திரியில் 30 மீட்டர் உயரக் கோபுரம் உண்டு. சின்னவர்களின் கையை விடாதீர்கள்.

மழைக்காலத்தில் அட்டை நிச்சயம். பேன்ட்டின் கால்பகுதியை நீளச் சாக்ஸுக்குள் செருகுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும். அது அட்டையின் எச்சில் வேலை, பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சு வைத்து அழுத்தினால் போதும்.

பொள்ளாச்சிக்காரர்கள் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தைச் சொல்வார்கள். அங்குள்ள கன்னிமாரா என்ற மிகப் பெரிய பழந்தேக்கு மரம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் சுற்றிக் காட்டும் பாதையில் பெரும்பாலும் தேக்குக் காடு. இரவு தங்கினால்தான் வழியில் சேத்துமடை, டாப்ஸ்லிப் சோதனைச் சாவடிகளில் காத்த நேரத்துக்குப் பலன்.