ஆழ்குழாய் மோட்டார் தூக்க செயின் பிளாக்: பல ஆண்டு அனுபவம்

ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும்தான் என் தொழில். கை வின்ச், சிறிய மின்சார ஹாய்ஸ்ட், வாடகை ஹைட்ரா கிரேன் எல்லாவற்றோடும் வேலை பார்த்திருக்கிறேன். இருந்தாலும் குறுவைக்கு நாற்று விட்ட நேரத்தில் ஒருவருக்கு மோட்டார் நின்றுபோனால், நான் நம்பி எடுத்துச் செல்வது கிணற்றின் மேல் நிறுத்தும் மூன்று கால் முக்காலியையும், அதில் மாட்டிக் கைச்சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் ஒரு டன் செயின் பிளாக்கையும்தான்.

அரை டன் போதாதா என்று கேட்கிறார்கள். மோட்டாரின் எடையை மட்டும் பார்ப்பதால் வரும் கேள்வி அது. மோட்டார் தொங்கும் இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. அதற்குள் நிற்கும் தண்ணீர் மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். பம்பின் தலையில் உள்ள வால்வு அதை வடியவிடாது. 60 மீட்டர் ஆழத்தில் இருந்தால் குழாய், தண்ணீர், மோட்டார், பம்பு எல்லாம் சேர்ந்து 500 கிலோவை நெருங்கிவிடும். மணல் பிடித்திருந்தால் இன்னும் எவ்வளவு கூடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செயின் பிளாக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிரேக். தொங்கும் எடையே உராய்வுத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. தூக்கும்போது கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம், பற்சக்கரத்தில் தடுப்புக் கொக்கி விழும் சத்தம். கைச்சங்கிலியை விட்டுவிட்டு, குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டப் போகலாம். சுமை அப்படியே நிற்கும். கைப்பிடியைச் சுற்றித் தூக்கும் கை வின்ச்சில் தடுப்புக் கொக்கி நழுவினால் கைப்பிடி சுழன்று வந்து முழங்கையை உடைத்துவிடும். பிரேக் இல்லாத வின்ச்சை நான் வேலைக்கு எடுப்பதே இல்லை.

வாங்கும்போது தூக்கும் உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 3 மீட்டர். நம் குழாயோ ஒவ்வொரு துண்டும் 20 அடி, அதாவது 6 மீட்டர். 3 மீட்டர் பிளாக் வைத்திருப்பவர் ஒவ்வொரு குழாய்க்கும் பாதியில் கிளாம்ப் போட்டு, கொக்கியை இறக்கி, மறுபடி மாட்ட வேண்டும். நேரம் போவது ஒருபுறம். ஒவ்வொரு மாற்றத்திலும் குழாய் நழுவி உள்ளே விழும் ஆபத்து இருக்கிறது. சங்கிலி நீளத்தைக் கூட்டி 7 மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். முக்காலியும் அதற்கேற்ற உயரம் வேண்டும்.

சிறிய மின்சார ஹாய்ஸ்ட்டுகளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எடை, பெரும்பாலும் கூடுதல் கப்பி மாட்டி, கம்பிவடத்தை இரட்டையாக ஓடவிட்டால் கிடைப்பது. ஒற்றை வடத்தில் அதில் பாதிதான். பட்டறைக்குள் டிராக்டர் என்ஜின் தூக்க நன்றாக உதவுகிறது. வயலில் மின்னழுத்தம் விழும்போது நடுவழியில் நின்றுவிடுகிறது. ஹைட்ரா கிரேன் சாலையோரத்து அரிசி ஆலைக்கு அருமையான கருவி. வரப்பைத் தாண்டி வராது, வண்டலில் சக்கரம் புதைந்தால் அதைத் தூக்க இன்னொரு கிரேன் தேவைப்படும்.

அதே வண்டல்தான் முக்காலிக்கும் சோதனை. மழை பெய்த மறுநாள் ஒரு கால் மட்டும் இறங்கினாலும் சுமை பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடித்த பலகை, மூன்று கால்களையும் சுற்றி இணைக்கும் சங்கிலி, இரண்டும் இல்லாமல் நான் கொக்கி மாட்ட மாட்டேன். அவசரம் என்று விவசாயி எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பராமரிப்பு அதிகமில்லை. சுமைச்சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். பிரேக் தட்டுகளில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. கொக்கியின் வாய் புதிதாக இருந்த அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு விரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நெருப்பில் காட்டி வளைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே கொடுக்காதீர்கள்.

கைச்சங்கிலியை ஒருவர் இழுத்து வராத சுமைக்கு இரண்டாவது ஆளைச் சேர்க்காதீர்கள். ஒரு டன் பிளாக் ஒருவரின் இழுப்புக்காகச் செய்யப்பட்டது. குழாய் வரவில்லை என்றால் மணல் பிடித்திருக்கிறது என்று பொருள். சற்று இறக்கி, சற்று ஏற்றி, கம்ப்ரஸர் காற்றால் மணலைக் கலைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அரை நாள் கூடுதலாக ஆகும். குழாய் அறுந்து மோட்டார் உள்ளேயே தங்கிவிட்டால் புதிதாகக் கிணறு போட வேண்டிவரும்.