கிக்கர் வேலைக்கு நம்பிப் போகலாம்: கோத்தகிரி சாலைப் பட்டறை

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் உள்ள இந்தச் சிறிய பட்டறையில் பாறை, மேடு ஏறும் ட்ரையல்ஸ் பைக்குகளின் கிக்கர் (உதைத்து ஸ்டார்ட் செய்யும் லீவர்) வேலை அவ்வளவு சுத்தம். லீவரைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டின் பற்களைத்தான். போல்ட் சற்றே தளர்ந்திருந்தாலும் ஒவ்வொரு உதையும் அந்தப் பற்களை அரைத்துவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் லீவர் ஷாஃப்ட்டில் நிற்காது. பற்களைப் பெட்ரோலில் கழுவி, பிசுக்கில்லாமல் துடைத்து, போல்ட் மரையில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) விட்டு இறுக்குகிறார்கள். லீவர் ஃபுட்ரெஸ்டில் இடித்தால் ஒரு பல் தள்ளி மாட்டுகிறார்கள்.

மலை மழையில் முதலில் சேறு பிடிப்பது லீவர் மடங்கும் மூட்டு. உள்ளிருக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால், பாறை ஏறும்போது லீவர் விரிந்து காலில் அடிக்கும். பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்துத் தருகிறார்கள்.

உதைத்த லீவர் மேலே வராவிட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங் போயிருக்கும். உதை பிடிக்காமல் வழுக்கினால், ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்லமைப்பு) போய்விட்டது என்று உடனே இன்ஜினைப் பிரிப்பதில்லை. பழைய புல்லட்டில் உதையின் விசை கிளட்ச் வழியாகத்தான் போகிறது. கேபிளில் ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். எனவே கிளட்ச் கேபிளில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். வீண் செலவு வைக்காத இந்தப் பழக்கத்துக்காகவே இங்கே போகலாம்.

ஒரே குறை, உதிரிபாகம் கோவையிலிருந்து வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும்.