எண்டெமால் விற்ற வீடு

எண்டெமால் என்ற டச்சு நிறுவனத்தின் பெயரை ஒருமுறைகூடக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்களும் அதன் சரக்கை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகின்றன. சன் டிவியில் பெட்டி பெட்டியாகத் திறந்த ‘டீலா நோ டீலா’வும், விஜய் டிவியின் ‘பிக் பாஸ்’ஸும் அந்தக் கடையில் வாங்கிவந்தவையே. மிக்ஸியையும் குக்கரையும் விலை, உழைப்பு, கோளாறு பார்த்து மதிப்பிடுவதுபோல இந்த நிறுவனத்தின் சரக்கையும் மதிப்பிடலாம் என்பது என் எண்ணம். அது முதன்மையாக விற்றது நிகழ்ச்சி செய்யும் முறையை. தொழிலில் இருப்பவர்கள் அதை ‘ஃபார்மட்’ என்பார்கள்.

1994-இல் யோப் வான் டென் எண்டே, ஜான் டி மோல் என்ற இரு தயாரிப்பாளர்கள் தங்கள் நிறுவனங்களை இணைத்தபோது, இருவர் பெயரின் வால்களும் ஒட்டிக்கொண்டு ‘எண்டெமால்’ ஆயின. அரிசோனா பாலைவனத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் அடைந்து வாழ்ந்த ‘பயோஸ்பியர் 2’ என்ற ஆய்வைப் பற்றி 1997-இல் டி மோலின் குழு பேசிக்கொண்டிருந்தபோதுதான், வீட்டுக்குள் ஆட்களைப் பூட்டிவைக்கும் எண்ணம் பிறந்தது. ‘தங்கக் கூண்டு’ என்று முதலில் பெயரிடப்பட்ட அந்தத் திட்டம், 1999 செப்டம்பர் 16 அன்று வெரோனிகா அலைவரிசையில் ‘பிக் பிரதர்’ ஆக ஒளிபரப்பானது. நம் ‘பிக் பாஸ்’ அதன் வழி வந்ததே. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் உள்ள அல்மேரே நகரில் அதற்கென்றே கட்டிய வீட்டில் கேமராக்கள் இரவு பகலாக ஓடின. அங்கு நடப்பதை இணையத்திலும் பார்க்க முடிந்தது. அந்தக் காலத்து டயல்-அப் வேகத்தை நினைத்தால், அதைக் காத்திருந்து பார்த்தவர்களின் பொறுமைக்கே ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

இந்தச் சரக்கை வாங்கும் தொலைக்காட்சிக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானது, ‘பைபிள்’ என்றே தொழிலில் அழைக்கப்படும் கையேடு. வீட்டின் அமைப்பு, யாரை வெளியேற்றலாம் என்று உள்ளே இருப்பவர்களே பெயர் சொல்லும் நாமினேஷன் நடத்தும் விதம், வாக்கெடுப்பு, தனியறைப் பேச்சு என ஒவ்வொன்றுக்கும் அதில் விதி உண்டு. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, திரையில் ஒருபோதும் தெரியாத ஒரு பகுதி: வீட்டுச் சுவர்களில் உள்ள கண்ணாடிகளுக்குப் பின்னால் இருட்டான ஒரு நடைபாதை ஓட, கறுப்பு உடை அணிந்த ஒளிப்பதிவாளர்கள் ஓசையின்றி அதில் நகர்கிறார்கள். உள்ளே தலைவாரிக்கொண்டிருப்பவருக்குத் தன் முகம் மட்டும் தெரிகிறது. ஓரடி தள்ளி நிற்கும் ஒளிப்பதிவாளருக்கு அவருடைய கண் கலங்குவதுகூடத் தெரிகிறது. தச்சு வேலையாகப் பார்த்தால் முதல் தரமான வேலை.

இப்படி ஒரு முறைக்கு உரிமை கோர முடியுமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. ஆட்களை ஆளில்லா இடத்தில் விட்டுப் போட்டி நடத்தும் ‘சர்வைவர்’ முறையின் உரிமையாளர்கள் தங்கள் சரக்கைத் திருடிவிட்டதாக எண்டெமால் மீது தொடுத்த வழக்கில், 2004-இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் எண்டெமாலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு ஃபார்மட்டுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கலாம் என்பதையும் அதே வழக்கு நிலைநாட்டியது. வழக்கில் வென்ற எண்டெமாலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

2000-இல் பிரிட்டனுக்குப் போன வடிவமே என் பார்வையில் சிறந்தது. கிழக்கு லண்டனில் எளிமையான ஒரு வீடு, கோழிகள், ஒரு காய்கறிப் பாத்தி, மற்றபடி மனிதர்கள். நாமினேஷனைத் திருப்பிவிடக் காகிதத் துண்டுகளில் பெயர் எழுதிக் காட்டிய போட்டியாளர் நிக் பேட்மேனை மற்றவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து கேள்வி கேட்ட காட்சியில் அலங்காரமோ பின்னணி இசையின் கூச்சலோ தேவைப்படவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் பீட்டர் பாசல்கெட், லண்டனின் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டிய பொறியாளர் ஜோசப் பாசல்கெட்டின் வழித்தோன்றல். மூதாதை, வீடுகளிலிருந்து வெளியேற்றிய கழிவை வாரிசு திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று அங்கே கிண்டல் செய்வார்கள்.

அந்தக் கிண்டலில் நியாயம் இருப்பதை 2007 காட்டியது. பிரிட்டனில் பிரபலங்களுக்கான பதிப்பில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. ஷில்பா வென்றார் என்பதால் நடந்தது சரியாகிவிடாது. அதே ஆண்டு நெதர்லாந்தில், சாகக் கிடக்கும் ஒரு பெண் தன் சிறுநீரகத்தை மூன்று நோயாளிகளில் யாருக்குக் கொடுப்பது என்று நேரலையில் முடிவுசெய்வார் என அறிவித்து, உலகமே காறித் துப்பிய பிறகு, அவர் நடிகை என்றும் நோயாளிகள் உண்மையானவர்கள் என்றும் கடைசியில் சொன்ன நிகழ்ச்சியும் எண்டெமாலுடையதே. உறுப்புத் தானத்தின் பற்றாக்குறையை உணர்த்தவே அப்படிச் செய்தார்கள். பின்னர் ஆயிரக்கணக்கானோர் தானத்துக்குப் பதிவுசெய்தார்கள். ஒரே கடையில் இரண்டும் கிடைத்ததால்தான் இதற்கு ஒற்றை மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை.

முதலாளிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2000-இல் ஸ்பெயினின் தொலைபேசி நிறுவனமான டெலிஃபோனிகா 550 கோடி யூரோ மதிப்பில் வாங்கியது; 2007-இல் 75 விழுக்காட்டுப் பங்கைச் சுமார் 260 கோடிக்கு விற்றது. வாங்கிய கூட்டணியில் டி மோலும் இருந்தார். கடன் வாங்கிச் செய்த அந்தப் பேரத்தின் சுமை தாங்காமல், நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் கைக்கே போனது. பிறகு ஷைன் என்ற தயாரிப்புக் குழுமத்துடன் இணைந்து, 2020-இல் பிரான்சின் பனிஜே நிறுவனத்திடம் சேர்ந்தது.

இத்தனை கை மாறியும் வீட்டின் விதிகள் பெரிதாக மாறவில்லை. 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் திறந்துவைத்த தமிழ் வீட்டிலும் அதே தனியறை, அதே நாமினேஷன், அதே அசரீரிக் குரல். நம் ஊர்ச் சேர்க்கை வார இறுதிப் பஞ்சாயத்துதான். பிரிட்டனில் தொகுப்பாளர் டேவினா மெக்கால் வெளியேறி வருபவரைக் கட்டியணைத்துப் பேட்டி எடுத்துவந்தார். இங்கே உள்ளே இருப்பவர்களை வரிசையாக உட்காரவைத்து விசாரணை நடக்கிறது. சனிக்கிழமை, வீட்டில் நடந்ததைத் தொகுத்துக் காட்டும் ‘குறும்படம்’ ஓடும்போது, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் எடுத்த காட்சி சாட்சியாகிவிடுகிறது. டச்சுக்காரர்கள் எழுதிய கையேட்டைவிட இந்தச் சேர்க்கையே எனக்குச் சுவையாக இருக்கிறது. வாரத்தின் மற்ற நாட்களை நான் பெரும்பாலும் ஓட்டிவிட்டே பார்க்கிறேன்.