புது லேப்டாப் விற்கப் பார்க்காத கடை

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியதிலிருந்து, கிருஷ்ணகிரியில் எந்தக் கடைக்குப் போனாலும் "புதுசு வாங்கிடுங்க சார்" என்பதுதான் பதில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிற இந்தச் சின்ன சர்வீஸ் கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர். விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றித் தரச் சொன்னேன், "அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லண்ணா, வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். அதற்குப் பதில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கிற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். லேப்டாப்பின் செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சேமிக்கச் சம்மதித்தால் இதற்குக் காசு இல்லை, இதை வேறெந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் கடுப்பு.

அப்புறம் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவ் போட்டார். டீ ஆறுகிற வரை ஆன் ஆகாத மெஷின் இப்போது சட்டென்று எழுந்துவிடுகிறது. பழைய டிஸ்கைத் தானே வைத்துக்கொள்ளாமல் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுக் கையில் கொடுத்தார், பேக்கப்புக்கு ஆச்சு.

குறை உண்டு. போனை எடுக்கவே மாட்டார், பில் கேட்டால்தான் வரும், சனிக்கிழமை நிற்க இடமிருக்காது. சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள், எல்லா மாடலுக்கும் அங்கே இல்லை.