சிங்கப்பூர்–நியூவர்க் நேரடி விமானம்: ஆறேழு வருடப் பயணத்தில் தெரிந்துகொண்டது

மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் இருக்கிறாள். நியூவர்க் விமான நிலையமும் அதே மாநிலத்தில்தான். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ350-900 யூஎல்ஆர் என்ற, மிக நெடுந்தூரம் நிற்காமல் பறக்கும் விமானத்தை வைத்து இந்தச் சேவையை மறுபடி தொடங்கியதிலிருந்து, கொரோனாக் காலம் போக, வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் வருகிறேன்.

தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூவர்க் 15,344 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது உலக உருண்டையில் மிகக் குறுகிய கோடு. கிட்டத்தட்ட வட துருவத்தை ஒட்டிப் போகிறது. நான் போன விமானம் எதுவும் அந்த வழியில் போனதில்லை. ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து போகும். சுற்றுவழிதான், 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் நல்ல பலமாக இருக்கும். ஒரு ஜனவரியில் திரையில் தரைவேகம் மணிக்கு 1,150 கிலோமீட்டர் என்று காட்டியது. அட்டவணைப்படி பதினெட்டரை மணி நேரம். அன்று பதினேழரைக்குள் இறங்கிவிட்டோம்.

திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. அதனால் சில தடவை அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்குப் பக்கமாகவே கொண்டுவந்து விடுவார்கள். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. பூமியையே ஒரு சுற்று வந்தாயிற்று. பேரனிடம் உலக உருண்டையைக் கொடுத்து விரலால் வழியைக் காட்டியபோது, விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றதை அவனால் நம்ப முடியவில்லை. மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் வரும் அந்தக் குட்டிப் பகல். வெள்ளி இரவு பதினொன்றரைக்கு மேல் கிளம்பினால், ஐந்தாறு மணி நேரத்தில் சனிக்கிழமை விடிகிறது. பசிபிக் நடுவில் தேதி மாறும் கோட்டைத் தாண்டியதும் மறுபடி வெள்ளிக்கிழமை. குளிர்காலத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போய்க் கொஞ்ச நேரத்திலேயே சன்னல் ஓரம் சிவந்து இருட்டிவிடும். பிறகு சனி விடியற்காலை நியூவர்க்.

இதில் சாதாரண எகானமி கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள்தான். டிக்கெட் விலை அதிகம். ஒரு தடவை பணத்தை மிச்சம் பிடிக்க ஐரோப்பாவில் நின்று போகும் விமானத்தில் போனேன். மொத்தம் ஒரு முழு நாள் ஆயிற்று. தூக்கக் கலக்கத்தில் இறங்கி, பையைச் சோதனைக்குக் காட்டி, மறுபடி ஏறுவதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. அறுபது தாண்டியவர்களுக்கு நேரடி விமானம்தான் என்பேன்.

பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் சன்னல் பக்கம் ஒற்றை இருக்கை இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள். இந்திய சைவச் சாப்பாட்டை ஒரு நாளைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுபவர்கள் ஊர் நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.