ஆறு ஆண்டுகளாக ஒரே முதுகுப்பை: தனியாகப் பயணம் போகிறவளின் அனுபவம்

தனியாகப் போகிறவருக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் பை வாங்குவதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: இதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்த முடியுமா? நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஹனோய். 2018 நவம்பரில் முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினேன். "பெரிய பெட்டியா எடுத்துட்டுப் போம்மா, வர்றப்ப சாமான் வைக்க இடம் வேணும்" என்றார் அம்மா. 24 அங்குல உருளைப்பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். பழைய நகர்ப் பகுதியில் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள், இடைவெளியில் சின்னச் சின்ன முக்காலிகள், நூடல்ஸ் அடுப்புகள். பெட்டியோடு சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. தங்கும் விடுதி அங்கே வழக்கமான ஒடுக்கமான நீள வீடு. மின்தூக்கி இல்லை, அறை நான்காவது மாடியில். ஊர் திரும்பும் நாளில் பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவுக்குள் பெட்டி நுழையவே இல்லை. இரண்டரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2019 பிப்ரவரியில் 36 லிட்டர் முதுகுப்பை ஒன்றை 129 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். ஏன் 36? விமானத்துக்குள் கொண்டுபோகும் பைக்குப் பல நிறுவனங்கள் சொல்லும் அளவு ஏறத்தாழ 55, 35, 20 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 38.5 லிட்டர். 40 லிட்டர் என்று விற்கும் பையை முழுக்க நிரப்பினால் எங்காவது ஒரு பக்கம் புடைக்கும்.

அதற்கு முன்பே ஒரு பை வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தேன். ஐந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை அதற்குள் வைத்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் 11ஆம் மாடியிலிருந்து படியில் இறங்கி ஏறினேன். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே சரிந்து, பாரம் முழுவதும் தோளில் தொங்கியது. முதுகின் நீளத்தை அளக்காமல் வாங்கியதுதான் தவறு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்துக்கு வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 41 சென்டிமீட்டர். கடையில் பார்த்த பல பைகள் என்னைவிட உயரமானவர்களுக்கானவை.

மேலிருந்து மட்டும் திறக்கும் பையைத் தனியாகப் போகிறவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். என்னுடையது பெட்டியைப் போல முழுதாக விரியும். உள்ளே மூன்று துணி உறைகள்: நீலத்தில் மேல் துணி, சிவப்பில் உள்ளாடை, சாம்பலில் அழுக்கு. கண்டியில் எட்டுப் பேர் தங்கும் அறையில் அதிகாலை ஐந்து மணிக்கு, எல்ல (Ella) என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்குக் கிளம்பும்போது, விளக்குப் போடாமல் கைபேசி வெளிச்சத்திலேயே நீலத்தை உருவி எடுத்தேன். கீழ்க் கட்டிலில் இருந்தவரோ பிளாஸ்டிக் பைகளை நோண்ட, அந்தச் சரசரப்பில் அறையே விழித்துக்கொண்டது. கனமானதெல்லாம் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும்.

நான்கு ஜோடி துணி போதும், இரவில் துவைத்துப் போட்டுவிடுவேன். குளிர் ஊருக்குப் போனால் கனத்த ஜாக்கெட் உடம்பில்தான் வரும்.

முதுகுப்பையோடு குறுக்கே மாட்டும் சின்னப் பை ஒன்று. கடவுச்சீட்டு, கைபேசி, ஒரு வங்கி அட்டை, பவர் பேங்க் எல்லாம் அதில். இன்னொரு அட்டையும் 100 அமெரிக்க டாலரும் பெரிய பையின் உள்ஜிப்பில். வியட்நாமில் சின்னப் பையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் வரும்படி மாட்டிக்கொள்வேன், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்களை நினைத்து. பவர் பேங்க்கைச் சின்னப் பையில் வைக்க வேறு காரணம் உண்டு. விமானத்தில் இருக்கைக்கு மேலுள்ள தட்டு நிறைந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் பெரிய பையைச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னால், பவர் பேங்க் அதனோடு போகக் கூடாது. 20,000 மில்லியாம்ப்மணி (mAh) என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 74 வாட்மணி (Wh), 100 வாட்மணி வரை முன்அனுமதி தேவையில்லை. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், கைபேசியை வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

எடை வரம்பு ஸ்கூட்டில் இரண்டு பைக்கும் சேர்த்து 10 கிலோ. 7 கிலோ என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதால் 7க்குத்தான் அடுக்குகிறேன். வெறும் பையே 1.3 கிலோ. தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்றை முஸ்தஃபா கடையில் வாங்கினேன், அது பலமுறை கைகொடுத்திருக்கிறது. திரவங்கள் 100 மில்லிக்கு மிகாத குப்பிகளில், ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். எலுமிச்சை ஊறுகாயும் இதில் அடங்கும் என்று சோதனை மேசையில்தான் தெரிந்தது. அம்மா கையால் போட்ட ஒரு பாட்டில் ஊறுகாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தது இன்றும் மனதை உறுத்துகிறது. அன்றிலிருந்து அம்மா பருப்புப் பொடி மட்டும்தான் கொடுத்தனுப்புகிறார்.

இனி குறை. இதை நீண்ட நாள் வைத்திருந்தவர்தான் சொல்ல முடியும். கோவிட் வந்ததும் பையை வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் வைத்து அந்த இரும்புக் கதவைச் சாத்தினேன். 2022 அக்டோபரில் ஜப்பான் தனிப்பட்ட சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்ததும், கியோத்தோ போக ஆசையோடு பையை வெளியே எடுத்தேன். புளித்த பால் வாடை. உள்ளே கைவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. கையை எடுத்தபோது விரல் முழுக்க வெள்ளைச் செதில்கள்.

நீர் புகாமலிருக்கத் துணியின் உட்புறம் பூசும் பாலியூரித்தேன் பூச்சு அது. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்லச் சிதைக்கும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில், காற்றோட்டமில்லாத அறையில், இரண்டரை ஆண்டுகள் மடித்து வைத்தால் வேறென்ன ஆகும்? வாங்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியுமாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுரண்டினேன். பூச்சு போனது, வாடையும் போனது. மழை உள்ளே வரும் என்பதால் தடித்த குப்பைப் பை ஒன்றை உள்ளுறையாகப் போட்டு அதற்குள்தான் துணி உறைகளை வைக்கிறேன். அப்படியே கியோத்தோவும் இலங்கையும் போய் வந்துவிட்டேன். தையல், ஜிப், தோள்பட்டை எதிலும் பழுதில்லை. பக்கவாட்டு வலை மட்டும் ஓரிடத்தில் கிழிந்து, கையால் தைத்திருக்கிறேன்.

இப்போது பை என் அறைக் கதவுக்குப் பின்னால், ஜிப்புகள் திறந்தபடி தொங்குகிறது. ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை அலமாரியில் வைத்துப் பார்த்தேன், மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். பையை மறுபடி மூடிய இடத்தில் வைக்க மனம் வரவில்லை.

அடுத்த பைக்கும் இதே அளவு, இதே போல முழுதாக விரியும் அமைப்புதான் தேடுவேன். துணியின் பூச்சு என்ன என்று கேட்பேன். சிலிக்கான் பூச்சு இப்படி ஈரத்தில் பிசுபிசுக்காது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பையின் விவரச் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். இது இன்னும் எத்தனை பயணம் தாங்கும் என்று பார்க்கிறேன், டிசம்பரில் தைவான் போக இதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.