யூபிளாக் ஆரிஜின்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

2019 இல் அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, மருத்துவர் முதலில் அம்மாவிடமும் என்னிடமும்தான் சொன்னார். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினோம். அந்த இரண்டு இரவும் வீட்டு மடிக்கணினியில் நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மூன்றாம் நாள் காலை அப்பா வழக்கம்போல அதே மடிக்கணினியில் செய்தி படிக்க உட்கார்ந்தார். செய்திக்கு நடுவிலும் ஓரத்திலும் கீமோதெரபி விளம்பரங்கள். மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து, "எனக்கு என்னடா வந்திருக்கு?" என்று கேட்டார்.

அந்த வாரமே பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டேன். இன்றுவரை எடுக்கவில்லை.

விளம்பரத்தை மறைக்கும் நீட்சி என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். என் கணக்கில் அது பாதி வேலைகூட இல்லை. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், நாம் பெயர்கூடக் கேள்விப்படாத பல நிறுவனங்களின் சர்வர்களுக்கும் நம் பிரவுசர் கோரிக்கை அனுப்புகிறது. மருத்துவத் தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால் போதும். இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே ஆள் என்று, நம் பிரவுசரில் அது விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பான குக்கி காட்டிக்கொடுத்துவிடும். யூபிளாக் ஆரிஜின் அந்தக் கோரிக்கையை வெளியே போகவே விடுவதில்லை. எதைத் தடுக்க வேண்டும் என்பதைப் பட்டியல்களிலிருந்து தெரிந்துகொள்கிறது: விளம்பரங்களுக்கு ஈஸிலிஸ்ட், நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களுக்கு ஈஸிபிரைவசி. இரண்டும் நிறுவியவுடனே இயங்குகின்றன; நாம் எதையும் தொட வேண்டாம்.

ரேமண்ட் ஹில் 2014 இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. நன்கொடை வாங்க மறுக்கிறார். பட்டியல்களைப் பராமரிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நிறுவும்போது பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'யூபிளாக்' வேறு ஆட்களுடையது.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒருமுறை ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும்போது, கடைசிப் பொத்தான் அசையவே இல்லை. நீட்சியின் படத்தைத் தட்டி, பெரிய பவர் பொத்தானை அணைத்துப் பக்கத்தை மீண்டும் திறந்தேன், வேலை முடிந்தது. அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அது அணையும். வருடத்துக்கு நாலைந்து முறை இப்படி நேர்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், இல்லையென்றால் நீட்சியையே நீக்கிவிடுவார்கள்.

நான் ஃபயர்பாக்ஸில்தான் பயன்படுத்துகிறேன். சில தளங்கள் டிராக்கருக்குத் தங்கள் சொந்தத் துணை முகவரியையே மாட்டிவிடுகின்றன. பார்த்தால் அந்தத் தளத்தின் பகுதி போலவே இருக்கும். ஃபயர்பாக்ஸில் மட்டும் 2020 முதல் அந்த முகமூடிக்குப் பின்னால் யார் என்று யூபிளாக் ஆரிஜினால் பார்க்க முடிகிறது. குரோம் மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய நீட்சி விதிமுறைக்கு மாறியபின் அங்கே மிஞ்சியிருப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். ஒன்றுமே இல்லாததற்கு நிச்சயம் மேல். ஆனால் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து முடிவெடுக்கும் வலு அதற்கு இல்லை. பிரவுசர் மாற்றுவது ஒரு மாலை நேர வேலைதான்; மாற்றுங்கள்.

செய்தித்தளங்கள் எதைக் கொண்டு பிழைக்கும் என்ற கேள்வி எனக்கு உண்டு. படிக்கும் இரண்டு தளங்களுக்குச் சந்தா கட்டுகிறேன். பணம் கொடுக்கச் சம்மதம். அப்பாவின் நோயைக் கொடுக்கச் சம்மதமில்லை.

போனில்தான் ஓட்டை பெரிது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் இதே நீட்சி ஓடும், ஆனால் மற்ற ஆப்களுக்குள் அதன் கை நீளாது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் அட்கார்ட் டிஎன்எஸ் முகவரியைப் போட்டேன். தளப் பெயரைக் கொண்டு அதன் சர்வர் எங்கே என்று சொல்வது டிஎன்எஸ்; விளம்பர சர்வர்களின் பெயர் வந்தால் அட்கார்ட் வழி சொல்ல மறுத்துவிடும். ஆப்களுக்குள் வரும் விளம்பரம் கண்கூடாகக் குறைந்தது. யூடியூபில் ஒரு மாற்றமும் இல்லை. விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வந்தால் டிஎன்எஸ்ஸால் பிரிக்க முடியாது. சில இடங்களின் பொது வைஃபையில் இணையமே வராது, அப்போது தற்காலிகமாக அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதியும் இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

லாகின் செய்துவிட்டு உள்ளே நாம் தேடுவதை அந்தத் தளம் குறித்து வைப்பதை இவை எதுவும் தடுக்காது. நம் ஐபி முகவரியும் மறையாது. அதனால் நோய் பற்றிய தேடலை எந்தக் கணக்கிலும் நுழையாமல்தான் செய்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அப்பா தேறிவிட்டார். இன்றும் அதே மடிக்கணினியில்தான் காலைச் செய்தி. மூலையில் நீட்சியின் படத்தின் மேல் தெரியும், தடுத்த கோரிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, "இன்னிக்கு நாப்பத்திரெண்டுடா" என்பார். மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஒரு ஆப் போட்டிருந்தோம். நோயின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டது. நீக்கிவிட்டோம். இப்போது அம்மா தினசரி காலண்டர் தாளில் குறித்து வைக்கிறார்.